அடைப்பதற்கு முன் ஓர் அளவீடு

சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்ப் புறவழியைச் சுற்றி அமைந்திருக்கும் சுரப்பி புராஸ்டேட். இளம் வயதில் அதன் எடை சுமார் 20 கிராம்தான். அதில் புற்றுநோய் கண்டு, நோய் சுரப்பியைத் தாண்டிப் பரவவில்லை என்று தெரிந்தால், முழுச் சுரப்பியையும் எடுத்துவிடுவது ஒரு சிகிச்சை. 1904இல் அமெரிக்காவின் பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹ்யூ ஹாம்ப்டன் யங் இதைச் செய்து காட்டினார். இன்று பல ஊர்களில் ரோபோக் கருவியின் துணையோடு செய்கிறார்கள். கருவி எதுவானாலும் உடம்புக்குள் நடப்பது ஒன்றுதான். சுரப்பியோடு சேர்ந்து அதன் நடுவே ஓடும் புறவழித் துண்டும் போய்விடுகிறது. மேலே இருக்கும் சிறுநீர்ப்பையின் கழுத்தைக் கீழே இறக்கி, மிச்சமிருக்கும் புறவழியோடு வைத்துத் தைக்கிறார்கள்.

ஆணின் சிறுநீரைத் தேக்கி நிறுத்தும் தசைகள் இரண்டு. ஒன்று சிறுநீர்ப்பையின் கழுத்தில் இருக்கிறது; நாம் நினைக்காமலே மூடியிருப்பது. மற்றொன்று புராஸ்டேட்டுக்கு அடியில், புறவழியைச் சுற்றி இருக்கும் சுருக்குத்தசை. பேருந்தில் போகும்போது முட்டிக்கொண்டு வந்தால் நாம் அடக்கிக்கொள்வது இதைக் கொண்டுதான். அறுவைக்குப் பின் முதலாவது பெரும்பாலும் பயனற்றுப்போகிறது. இரவும் பகலும் முழுப் பொறுப்பும் இரண்டாவதன் மேல் விழுகிறது. அதுவும் பக்கத்திலேயே கத்தி போய்வந்து, நரம்பும் தாங்கி நிற்கும் திசுக்களும் அடிபட்டிருக்கும் நேரத்தில்.

ஆகவே அறுவையின்போது வைத்த சிறுநீர்க் குழாயை (கதீட்டர்) எடுத்த புதிதில் சிறுநீர் கசியாதவர்கள் குறைவு. பிரிட்டனில் 1,643 ஆண்களைக் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என மூன்று பிரிவுகளாக்கி நடத்திய புரொடெக்ட் ஆய்வின் முடிவுகள் 2016இல் வெளியாயின. அறுவைப் பிரிவில் இருந்தவர்களில் 46 சதவீதம் பேர் ஆறு மாதம் கழிந்தும் கசிவை உறிஞ்சும் பேட் வைத்திருந்தார்கள். ஆறு ஆண்டுகளில் அது 17 சதவீதமாக இறங்கியது. இதில் ஆறுதலும் இருக்கிறது, கவலையும் இருக்கிறது. பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் காலம் போகப்போகச் சரியாகிவிடுகிறது. ஆனால் ஆறில் ஒருவருக்கு அப்படியே நின்றுவிடுகிறது.

அந்த ஆறில் ஒருவரின் நாள் எப்படிப் போகிறது என்பதைப் பலர் வீட்டில்கூடச் சொல்வதில்லை. காலையில் படுக்கையிலிருந்து எழும்வரை பெரிய தொல்லை இருக்காது. எழுந்து நின்ற பிறகு தொடங்குகிறது. வாளியைத் தூக்கினால், தும்மினால், நாற்காலியை விட்டு எழுந்தால் ஒரு சொட்டு, இரண்டு சொட்டு. மாலையில் தசை களைத்துவிட, கசிவு கூடுகிறது. வாடை அடிக்குமோ என்ற பயத்தில் கல்யாணத்துக்குப் போவதில்லை, வெளியூர்ப் பயணம் இல்லை, தண்ணீர் குடிப்பதைக்கூடக் குறைத்துக்கொள்கிறார்கள். புற்றுநோயிலிருந்து பிழைத்த மனிதர் ஒரு துணிக்குள் ஒடுங்கிப்போவதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. புற்றுநோய் போய்விட்டதே, இதைப் பொறுத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்கும் உறவினர்களும் உண்டு. பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை, இதற்குச் சிகிச்சை இருக்கிறது.

முதல் ஓராண்டு பொறுத்துப் பார்ப்பதும் இடுப்புத்தளத் தசைப் பயிற்சியும் வழக்கம். அதற்குப் பிறகும் நிற்காத கசிவுக்குப் பெரும்பாலும் இரண்டு அறுவைகளில் ஒன்றைச் சொல்வார்கள். ஒன்று, புறவழியின் கீழே செயற்கை வலைப் பட்டை ஒன்றைக் கொடுத்து அதைத் தூக்கித் தாங்கவைக்கும் ஸ்லிங். மற்றொன்று செயற்கைச் சுருக்குத்தசை. 1972இல் ஹூஸ்டனில் பிராண்ட்லி ஸ்காட் என்ற அறுவை நிபுணர் இதை முதலில் பொருத்தினார். 1983 முதல் புழக்கத்தில் இருக்கும் அதன் வடிவம் மூன்று பாகங்கள் கொண்டது. புறவழியைச் சுற்றி ஒரு நீர்ப்பட்டை, வயிற்றுக்குள் ஒரு சிறு பலூன், விதைப்பையில் ஒரு பம்ப். பலூனின் அழுத்தம் பட்டைக்குள் இருக்கும் திரவத்தை இறுக்கிப் பிடித்திருக்கும். சிறுநீர் கழிக்க வேண்டும் என்றால் பம்பை அழுத்த, திரவம் பலூனுக்குப் போய்ப் பட்டை தளரும். இரண்டொரு நிமிடத்தில் தானாகவே மறுபடி நிரம்பி மூடிக்கொள்ளும். வழக்கமாகப் பொருத்தும் பலூனின் அழுத்தம் 61 முதல் 70 சென்டிமீட்டர் நீர். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இரண்டு அறுவைகளும் செய்வது வெளிவழியை இறுக்கும் வேலை. ஆனால் கசிவுக்குக் காரணம் வெளிவழி மட்டும்தானா?

சிறுநீர்ப்பையும் ஒரு தசைதான். நிரம்பும்போது அது தளர்ந்து விரிந்துகொடுக்க வேண்டும். கழிக்கும்போது சுருங்க வேண்டும். நிரம்பிக்கொண்டிருக்கும் வேளையிலேயே அது தன்போக்கில் சுருங்கினால், நல்ல சுருக்குத்தசைகூடத் தோற்றுப்போகும். விரிய மறுத்து விறைத்துப்போனாலும் அதே கதைதான். புராஸ்டேட் எடுத்தவர்களில் பலருக்குக் கீழே பலவீனமும் மேலே அடங்காமையும் சேர்ந்தே இருக்கின்றன. நோயாளிக்குத் தெரிவதோ பேட் நனைந்திருப்பது மட்டும். இருமினால் வருகிறதா, அவசரம் எழுந்து வருகிறதா என்று மருத்துவர் கேட்பார். பலர் இரண்டுக்கும் தலையாட்டுவார்கள். சிலருக்குத் தாமே எதைச் சொல்கிறோம் என்பது தெளிவாக இருக்காது. சொல்லும் அறிகுறியை மட்டும் வைத்துச் சிறுநீர்ப்பையை நம்பக் கூடாது என்பதை லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் பேட்ஸ், வைட்சைட், டர்னர்-வாரிக் ஆகியோர் 1970இல் எக்ஸ்ரே படத்தையும் அழுத்தப் பதிவையும் ஒரே நேரத்தில் எடுத்துக் காட்டினார்கள்.

அழுத்தத்தை அளக்கும் ஆசை அதற்கும் பழையது. இத்தாலியின் டூரின் நகரில் ஆஞ்சலோ மோஸ்ஸோவும் பெல்லகானியும் 1882இல் வெளியிட்ட ஆய்வில், பெண்களின் சிறுநீர்ப்பையில் குழாய் செலுத்தி உள் அழுத்தத்தைப் பதிவு செய்திருந்தார்கள். தொட்டாலும் பேச்சுக் கொடுத்தாலும் மனம் கலங்கினாலும் பதிவுக்கோடு அசைந்தது. நாம் அறியாமலே சிறுநீர்ப்பை உணர்ச்சிக்கு எதிர்வினை காட்டுகிறது. 140 ஆண்டுகள் கழிந்தும் நான் அதை முக்கியமாக நினைப்பதற்குக் காரணம், இதே அழுத்தத்தை அளக்கும் இன்றைய பரிசோதனை அறைகள். ஆட்கள் வந்துபோகும் அறையில், ஒரு திரையும் இல்லாமல், வயதான மனிதரை அரைநிர்வாணமாக நிறுத்திவைத்து எடுக்கும் பதிவு அவருடைய வழக்கமான சிறுநீர்ப்பையைக் காட்டாது. தாழிட்ட அறையும் தாழ்ந்த குரலும் இந்தப் பரிசோதனையில் மரியாதைக்காக மட்டுமல்ல, அளவு சரியாக வருவதற்காகவும் தேவை.

பரிசோதனையின் பெயர் யூரோடைனமிக்ஸ். ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். புராஸ்டேட் எடுத்து ஒன்றரை ஆண்டு ஆன, அறுபதைத் தாண்டிய ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் எவ்வளவு குடித்தார், எப்போது எவ்வளவு கழித்தார் என்று எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். ஒரு நாள் முழுவதும் பயன்படுத்திய பேட்களை நிறுத்துப் பார்த்திருக்கிறார்கள். உலர்ந்த எடையைக் கழித்தால் ஒரு கிராம் ஏறக்குறைய ஒரு மில்லிலிட்டர் கசிவு. சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமித்தொற்று இல்லை என்பதும் உறுதியாகியிருக்க வேண்டும். தொற்று இருந்தால் அன்றைக்குப் பரிசோதனை கிடையாது.

முதலில் அளவுகருவி பொருத்திய நாற்காலியில் தனியாக விட்டு, இயல்பாகச் சிறுநீர் கழிக்கச் சொல்கிறார்கள். அவருக்கு இதிலேயே சிக்கல். சிறுநீர்ப்பை நிறைய நேரமே கொடுக்காமல் கசிந்துகொண்டிருப்பதால் கழிக்க அதிகம் மிஞ்சுவதில்லை. பிறகு படுக்கவைத்து, மரத்துப்போகும் ஜெல் தடவி, மிக மெல்லிய கதீட்டர் ஒன்றைப் புறவழி வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்துகிறார்கள். அதற்குள் இரண்டு பாதைகள். ஒன்றில் சலைன் உள்ளே போகும், மற்றொன்று அழுத்தத்தைச் சொல்லும். ஆசனவாயில் இன்னொரு மெல்லிய குழாய், நுனியில் சிறு பலூனோடு.

ஆசனவாய்க் குழாய் எதற்கு என்று எல்லோரும் கேட்கிறார்கள். பரிசோதனையின் சூட்சுமம் அதில்தான் இருக்கிறது. சிறுநீர்ப்பைக்குள் இருக்கும் குழாய் காட்டும் அழுத்தத்தில் இரண்டு கலந்திருக்கின்றன. சிறுநீர்ப்பைத் தசை தானாக உண்டாக்குவது ஒன்று. வயிறு வெளியிலிருந்து அமுக்குவது மற்றொன்று. இருமினாலும் எழுந்து நின்றாலும் இரண்டாவது எகிறும். மலக்குடலும் அதே வயிற்றுக்குள் இருப்பதால் அங்கே வயிற்றழுத்தம் தனியாகக் கிடைத்துவிடுகிறது. முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மிஞ்சுவது தசையின் சொந்த அழுத்தம். கணினி இதை நொடிக்கு நொடி கழித்து, திரையில் மூன்றாவது கோடாக வரைகிறது.

இந்தக் கழித்தலை நம்ப வேண்டுமானால் இரண்டு குழாய்களும் ஒரே தரையிலிருந்து அளக்க வேண்டும். காற்றழுத்தத்தைப் பூஜ்யமாக வைத்து, முன்னிடுப்பு எலும்பின் மேல் விளிம்பு உயரத்தில் கருவியை நிறுத்துகிறார்கள். நிற்கும் மனிதரிடம் இரண்டு குழாய்களும் 30 முதல் 50 சென்டிமீட்டர் நீர் காட்ட வேண்டும். படுத்திருந்தால் 5 முதல் 20. அதற்கு வெளியே எண் வந்தால் ஏதோ தவறு, நிறுத்திச் சரிசெய்ய வேண்டும். 2002இல் சர்வதேச கண்டினன்ஸ் சங்கம் வெளியிட்ட நெறிமுறை இதையெல்லாம் விரிவாகச் சொல்கிறது. குழாயில் ஒரு காற்றுக்குமிழி இருந்தால் போதும், ஒரு பக்கத்து இருமல் மழுங்கிவிடும். கழித்துப் பார்த்தால் இல்லாத சுருக்கம் இருப்பதாகத் தெரியும். பின்னர் அறிக்கை எழுதுபவரால் அதைக் கண்டுபிடிப்பது கடினம்.

"சார், ஒரு தடவை பலமா இருமுங்க." இருமுகிறார். மேலிரண்டு கோடுகளும் ஒரே உயரத்துக்குக் கூராக எழுந்து இறங்குகின்றன. மூன்றாவது கோடு அசையவில்லை. சரி, தொடங்கலாம். நிமிடத்துக்கு 50 மில்லிலிட்டர் வீதம் சலைன் ஏறுகிறது. எப்போது முதல் உணர்வு வருகிறது, எப்போது போக வேண்டும்போல் இருக்கிறது என்பதைச் சொல்லச் சொல்கிறார்கள். 180 மில்லிலிட்டரில் நிற்கவைத்து மறுபடி இருமச் சொல்கிறார்கள். வயிற்றழுத்தம் 110க்கு எகிறுகிறது. தசையின் கோடு தரையோடு கிடக்கிறது. கால்களுக்கு இடையில் விரித்த தாளில் சட்டென்று ஈரம். சுருக்குத்தசை பலவீனம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். தொடர்ந்து நிரப்புகிறார்கள். 240இல் அவர் இருமவில்லை, அசையவும் இல்லை. ஆனாலும் தசையின் கோடு மெல்லத் தலைதூக்கி 40ஐத் தொடுகிறது. "சிஸ்டர், இப்ப அடக்க முடியல" என்கிறார். மறுபடி ஈரம். இது இரண்டாவது காரணம். ஸ்லிங்கோ செயற்கைத் தசையோ முதலாவதைத்தான் சரிசெய்யும். இரண்டாவதற்கு மருந்தும் வேண்டியிருக்கலாம் என்று அவருக்கு அறுவைக்கு முன்பே சொல்லிவிட முடியும். அறுவை முடிந்த பிறகும் ஏன் அவசரம் வருகிறது என்று அவர் ஏமாந்து உட்கார வேண்டியதில்லை.

புராஸ்டேட் எடுத்தவர்களிடம் மட்டும் வரும் ஒரு பொறி இங்கே உண்டு. தையல் போட்ட இடம் சிலருக்குத் தழும்பேறிக் குறுகியிருக்கும். அதன் வழியே போகும் கதீட்டர், மெல்லியதானாலும், வழியை அடைத்து நின்றுவிடுகிறது. வீட்டில் நாளெல்லாம் நனைபவர், பரிசோதனை மேசையில் எவ்வளவு இருமினாலும் ஒரு சொட்டும் விடமாட்டார். அழுத்தக் கசிவு இல்லை என்று அறிக்கை வந்தால் அவருக்கு எவ்வளவு பெரிய அநியாயம்! இதற்கு வழி எளியது. சிறுநீர்ப்பையை நிரப்பிவிட்டுக் கதீட்டரை உருவிவிட வேண்டும். ஆசனவாய்க் குழாய் உள்ளேயே இருப்பதால் வயிற்றழுத்தம் எத்தனை என்பது தெரியும். நிற்கவைத்து இருமச் சொன்னால் கசிவும் தெரியும். அறிக்கையில் கசிவு இல்லை என்றிருந்தால், கதீட்டரை எடுத்துவிட்டுப் பார்த்தார்களா என்று கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு.

இனி வருவதுதான் இந்தப் பரிசோதனையை நான் பெரிதாக மதிப்பதற்குக் காரணம். நல்ல சிறுநீர்ப்பை 300 மில்லிலிட்டர் ஏறினாலும் உள் அழுத்தத்தை 5 சென்டிமீட்டர் அளவுக்குத்தான் கூட்டும். ஒவ்வொரு சென்டிமீட்டர் உயர்வுக்கும் 60 மில்லிலிட்டர் இடம் கொடுக்கிறது என்று கணக்கு. புராஸ்டேட் எடுத்த பிறகு கதிர்வீச்சும் வாங்கியவர்கள் சிலரிடம், கதிர் பட்ட சுவர் நாளடைவில் நார்த்திசுவாக இறுகி, 200 மில்லிலிட்டர் ஏறுவதற்குள் அழுத்தம் 40ஐத் தொட்டுவிடும். ஒரு சென்டிமீட்டருக்கு 5 மில்லிலிட்டர்தான். இப்படிப்பட்டவருக்குக் கசிவு ஒரு தொல்லை மட்டுமல்ல. ஏரிக்குக் கலிங்கு எப்படியோ அப்படி, மிகுதியை வெளியே விட்டு உள்ளே இருப்பதைக் காக்கும் வழி அது. கலிங்கை அடைத்தால் வெள்ளம் கரையின் மேல்தான் ஏறும்.

இங்கே கரை என்பது சிறுநீரகம். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர் நாளங்கள் வழியாக இறங்கும் சிறுநீர், சிறுநீர்ப்பைக்குள் நுழைய அங்குள்ள அழுத்தத்தை வென்றாக வேண்டும். அழுத்தம் நெடுநேரம் உயர்ந்தே இருந்தால் சிறுநீர் மேலே தேங்கி, நாளம் புடைத்து, சிறுநீரகம் சத்தமில்லாமல் கெடுகிறது. தண்டுவடக் குறையோடு பிறந்த குழந்தைகளை ஆராய்ந்து, கசிவு தொடங்கும் அழுத்தம் 40 சென்டிமீட்டருக்கு மேல் போனால் சிறுநீரகம் ஆபத்தில் இருக்கிறது என்று எட்வர்ட் மக்கையரும் சகாக்களும் 1981இல் எழுதினார்கள். எண் குழந்தைகளிடமிருந்து வந்தது என்றாலும், எச்சரிக்கைக் கோடாகப் பெரியவர்களுக்கும் அதை வைத்துக்கொள்கிறார்கள்.

இப்போது பலூனின் எண்ணை எடுத்துப் பாருங்கள். செயற்கைத் தசை 61 முதல் 70 சென்டிமீட்டர் அழுத்தத்தில் வழியை மூடி நிற்கிறது. அதுவரைக்கும் ஒரு சொட்டு வெளியே வராது. விறைத்த சிறுநீர்ப்பை உள்ளே 45, 50 என்று அழுத்திக்கொண்டிருந்தாலும் பேட் உலர்ந்திருக்கும். நோயாளிக்கு மகிழ்ச்சி, மருத்துவருக்கு மனநிறைவு. வலி இல்லை, அறிகுறி இல்லை.

அறுவைக்கு முன் இந்த விறைப்பைக் கண்டுபிடிப்பதிலும் ஒரு சிக்கல். சுருக்குத்தசை முழுவதும் தளர்ந்தவரிடம், சலைன் ஏற ஏற வெளியே வழிந்துகொண்டே இருக்கும். சிறுநீர்ப்பை நிரம்புவதே இல்லை, அழுத்தமும் ஏறுவதில்லை. கோடு தரையோடு கிடப்பதைப் பார்த்து நன்றாக விரிந்துகொடுக்கிறது என்று எழுதிவிடலாம். நிரப்பாத சிறுநீர்ப்பை எதையும் நிரூபிக்காது. அதனால் அனுபவமுள்ளவர்கள் ஆணுறுப்பை மென்மையாக இறுக்கியோ, சிறுநீர்ப்பைக் கழுத்தைப் பலூன் கதீட்டரால் அடைத்தோ நிரப்பிப் பார்க்கிறார்கள். நாளை அறுவையில் செய்யப்போகும் மூடலை இன்றைக்கே, சில நிமிடங்களுக்கு மட்டும் செய்து பார்ப்பது அது. இன்னொரு பக்கமும் உண்டு. மாதக்கணக்கில் நிரம்பாமலே இருந்த சிறுநீர்ப்பை சுருங்கிச் சிறுத்திருக்கும். 120 மில்லிலிட்டர்தான் பிடிக்கிறது என்று பயந்துவிட வேண்டியதில்லை. அழுத்தம் ஏறாமல் இருந்தால், வழியை மூடிய பிறகு அது பழகிப் பெரிதாக வாய்ப்பிருக்கிறது. கொள்ளளவு குறைவா, சுவர் விறைப்பா என்பதைப் பிரித்துச் சொல்வது அழுத்தக் கோடு மட்டுமே.

கடைசிக் கட்டம், கழிப்பது. இங்கே பழைய கணக்கு ஒன்று தடுமாறுகிறது. பால் ஆப்ரம்ஸும் டெரெக் கிரிஃபித்ஸும் 1979இல், அழுத்தத்தையும் வேகத்தையும் ஒன்றாக வைத்துப் புராஸ்டேட் அடைப்பை அளக்கும் வரைபடம் ஒன்றை வெளியிட்டார்கள். இத்தகைய வரைபடங்களிலிருந்து வந்த எளிய சூத்திரங்கள் இன்றும் அறிக்கைகளில் உண்டு. அதிகபட்ச வேகத்தில் தசையின் அழுத்தம் எவ்வளவோ, அதோடு வேகத்தின் ஐந்து மடங்கைக் கூட்டினால் தசையின் வலு. 100க்குக் கீழே என்றால் பலவீனம். ஆனால் புராஸ்டேட்டே இல்லாதவரின் வழியில் தடை எதுவும் இல்லை. அழுத்தம் எழும்ப அவசியமே இல்லாமல் சிறுநீர் ஓடிவிடுகிறது. அழுத்தம் 12, வேகம் நொடிக்கு 12 மில்லிலிட்டர் என்றால் கணக்கு 72 என்று வந்து தசை பலவீனம் என்கிறது. உண்மையில் அது முழு வலுவோடு உழைக்கவே இல்லை. கழித்துக்கொண்டிருக்கும்போதே ஆணுறுப்பின் நுனியை அழுத்தி ஓட்டத்தை நிறுத்திப் பாருங்கள். அதே தசை 60க்கு எழும்பும். இந்தச் சிறு சோதனையைச் செய்யாமல், தசை பலவீனம் என்று எழுதிச் செயற்கைத் தசையையோ ஸ்லிங்கையோ மறுப்பது சரியல்ல. உண்மையிலேயே தசை வலுவிழந்து, வயிற்றை முக்கித்தான் கழிக்க முடிகிறது என்றால் அது தேர்வை மாற்றக்கூடும். ஸ்லிங் எப்போதும் ஒரே அளவு தாங்கி நிற்பது. செயற்கைத் தசை பம்பை அழுத்தினால் முழுவதும் திறந்துகொள்வது. அத்தகையவருக்குப் பல மருத்துவர்கள் இரண்டாவதன் பக்கம் சாய்கிறார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு, எல்லோருக்கும் இந்தப் பரிசோதனை வேண்டும் என்று சொல்வேன் என்று எதிர்பார்த்தால், இல்லை. ஆதாரங்கள் அப்படிச் சொல்லவில்லை. இருமினால் கசியும் 630 பெண்களை வைத்து அமெரிக்காவில் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், யூரோடைனமிக்ஸ் செய்தவர்களில் 76.9 சதவீதத்தினருக்கும் செய்யாதவர்களில் 77.2 சதவீதத்தினருக்கும் சிகிச்சை வெற்றி. பிரிஸ்டல் மருத்துவர்கள் முன்னின்று 820 ஆண்களிடம் நடத்திய அப்ஸ்ட்ரீம் ஆய்வு புராஸ்டேட் எடுத்தவர்களைப் பற்றியது அல்ல. கழிப்பதில் தொல்லை உள்ளவர்களைப் பற்றியது. அதிலும் பரிசோதனை செய்ததால் அறுவைகளின் எண்ணிக்கை குறையவில்லை. செய்தவர்களில் 38 சதவீதம், செய்யாதவர்களில் 36 சதவீதம். நம் விஷயத்துக்கு நெருக்கமாக, 2009இல் ஹூஸ்டனிலிருந்து வந்த ஓர் ஆய்வில், சிறுநீர்ப்பை அடங்காமை இருந்தவர்களுக்கும் செயற்கைத் தசையின் பலன் குறைந்துபோகவில்லை. அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் 2019 வழிகாட்டுதலும், நோயைத் தெளிவுபடுத்தவோ நோயாளிக்கு விளக்கவோ உதவும் இடங்களில் செய்யலாம் என்று மிதமாகச் சொல்கிறது.

எனக்கு இதில் முரண் தெரியவில்லை. கசிகிறதா என்று கேட்டால் இந்தப் பரிசோதனை புதிதாக எதையும் சொல்லப்போவதில்லை. கசிகிறது என்று பேட்டே சொல்லிவிட்டது. மூடினால் சிறுநீர்ப்பை என்ன செய்யும் என்று கேட்டால்தான் பதில் வரும். கதிர்வீச்சு வாங்காத, நரம்பு நோய் இல்லாத, இருமலுக்கு மட்டும் கசியும், மிச்சமில்லாமல் கழிக்கும் ஒருவருக்கு அந்தப் பதில் ஏற்கெனவே தெரியும். பேட் எடை, நின்று இருமும் சோதனை, தையல் இடம் குறுகியிருக்கிறதா என்று பார்க்கும் எண்டோஸ்கோப்பி போதும். வீண் செலவும் ஆசனவாய்க் குழாயும் அவருக்கு வேண்டாம். கதிர்வீச்சு வாங்கியவர், பார்க்கின்சன், பக்கவாதம், தண்டுவடப் பாதிப்பு உள்ளவர், அவசரக் கசிவே பிரதானமாக உள்ளவர், கழித்த பின் நிறைய மிச்சம் வைப்பவர், முன்பே ஓர் அறுவை பலிக்காதவர் ஆகியோருக்கு இதைச் செய்யாமல் அறுவை மேசைக்கு அழைத்துப்போவதை நான் ஏற்கமாட்டேன்.

அறுவைகளின் பலனையும் நேராகச் சொல்லிவிட வேண்டும். பிரிட்டனில் 380 ஆண்களுக்கு ஸ்லிங்கா செயற்கைத் தசையா என்று குலுக்கல் முறையில் பிரித்து, 2021இல் வெளிவந்த மாஸ்டர் ஆய்வில் சேர, அழுத்தக் கசிவு யூரோடைனமிக்ஸில் உறுதியாகியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஓராண்டு கழித்து ஒரு சொட்டாவது கசிகிறதா என்று கேட்டதற்கு, ஸ்லிங் வைத்தவர்களில் 87 சதவீதமும் செயற்கைத் தசை வைத்தவர்களில் 84 சதவீதமும் ஆம் என்றார்கள். அதைப் படித்து மனம் தளர வேண்டாம். 21 புள்ளிக் கேள்வித்தாளில் 16ஐத் தாண்டியிருந்த தொல்லை, ஸ்லிங்கில் 8.7க்கும் செயற்கைத் தசையில் 7.5க்கும் இறங்கியது. நாளுக்குப் பல பேட் மாற்றியவர், ஒரு சிறு பேடோடு வெளியூர் போய்வருகிறார். முழுக்க உலர்ந்துவிடும் என்று வாக்குக் கொடுத்து அனுப்பினால் அவருக்கு அதுவும் ஏமாற்றமாகத்தான் தெரியும்.

கதிர்வீச்சு வாங்கி, பரிசோதனையில் விறைத்த சுவர் தெரிந்தவருக்குக் கதவு மூடிவிடவில்லை. முதலில் சிறுநீர்ப்பைக்குச் சிகிச்சை. தசையைத் தளர்த்தும் மாத்திரைகள் கொடுத்துப் பார்க்கிறார்கள். போதவில்லை என்றால் எண்டோஸ்கோப் வழியே சுவரில் போடாக்ஸ் ஊசி. பிறகு மறுபடி யூரோடைனமிக்ஸ். அழுத்தம் 40க்கு வெகு கீழே இறங்கியிருந்தால் செயற்கைத் தசையைப் பற்றிப் பேசலாம். இறங்கவில்லை என்றால், குடல் துண்டை வைத்துச் சிறுநீர்ப்பையைப் பெரிதாக்குவதோ சிறுநீரை வேறு வழியில் திருப்புவதோ போன்ற பெரிய முடிவுகளைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். பொருத்திய கருவியைக் காயம் ஆறும்வரை, வழக்கமாக ஆறு வாரம், இயக்காமல் விட்டுவைத்துப் பிறகு முடுக்குகிறார்கள். அப்போதிலிருந்து குறிப்பிட்ட இடைவெளிகளில் சிறுநீரக ஸ்கேனும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனையும் நடந்துகொண்டிருக்க வேண்டும். கதிர் பட்ட திசு ஆண்டுகள் கழித்தும் இறுகிக்கொண்டே போகக்கூடியது என்பதால், பேட் உலர்ந்திருக்கிறது என்று அந்த ஸ்கேனை நிறுத்திவிடக் கூடாது.